பீர் முகம்மது கடையின் கரிச்சுவர்

ஜும்மா தொழுதுவிட்டு பீர் முகம்மது திரும்பியபோது, அவருடைய பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையின் அடுக்களைச் சுவர் வெள்ளைவெளேரென்று பளபளத்தது. சொல்லிவிட்டுப் போனபடியே ரொட்டி சானாய் போடும் சிவநேசன் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான்.

மகள் நுஸைபா பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று தே தாரிக் டீ குடிக்க வருகிறவர்கள் கேட்டால், "அது எனக்குத் தெரியாது லா. ஆனா எம்மவ கேக்குற கேள்விக்கு லெக்சரரே புக்கைத் தேடுறாங்க!" என்பார். இன்று அந்த லெக்சரர் மாதவியே அவளுடைய இறுதியாண்டு ஆய்வுக்காகக் கடைக்கு வருகிறார். அழுக்குச் சுவரையா காட்டுவது?

உள்ளே வந்த மனைவி சுலைகா தலையில் கை வைத்தாள்.

"ஏங்க, அந்தச் சுவருதாங்க ஆய்வே! வேலைக்கு வந்த ஒவ்வொருத்தரும் கரியால பேரும் ஊரும் எழுதுவாங்களே, அதை வச்சுத்தான் புள்ளைக்கு மார்க்கு!"

"வாசல் போர்டைப் பத்தின்னுல்ல நெனச்சேன்!"

பெயிண்ட் கரைக்கும் தின்னரை ஊற்றித் தேய்த்தார். பெயிண்ட் அசையவில்லை, அந்த வாடைக்குச் சாப்பிட வந்தவர்கள்தான் எழுந்து போனார்கள்.

"பாஸ், ஒண்ணு சொல்லணும்..." என்றான் சிவநேசன்.

"வாயை மூடிக்கிட்டுக் கரியை எடு!"

தன் அத்தாவின் பெயரையும் முத்துப்பேட்டையையும் எழுதினார். அவருக்கு அடுத்து வேலைக்கு வந்தவர் யாரென்று நினைவில்லை. பதற்றத்தில் சிவநேசன் பெயரையே மூன்று இடத்தில் எழுதினார். பழசாகத் தெரியட்டுமென்று தேயிலைச் சாயத்தை வீசினார். அது வழிந்து எல்லா ஊரையும் ஒன்றாக்கியது. ஆத்திரத்தில் ஒரு குத்து விட்டார். சுவர் 'டொம்' என்றது. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

அப்போது நுஸைபாவும் மாதவியும் உள்ளே நுழைந்தார்கள்.

"உன் படிப்பை நானே அழிச்சிட்டேம்மா," என்றார் பீர் முகம்மது. உண்மையாகவே அழுதுவிட்டார்.

நுஸைபா ஓடிவந்து அவருடைய கரிக்கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்கத்தா," என்றவள் திரும்பி, "சிவா அண்ணே, கழட்டுங்க," என்றாள்.

சிவநேசன் ஸ்குரூ டிரைவரோடு வந்தான்.

"அதைத்தான் பாஸ் சொல்ல வந்தேன். பெருநாள், கல்யாணம், யாரு வந்தாலும் நீங்க முதல்ல பெயிண்ட்தான் வாங்குவீங்கன்னு தங்கச்சி போன வாரமே பிளைவுட் வாங்கிக் கொடுத்துடுச்சு. அதைச் சுவத்து மேல மாட்டித்தான் பெயிண்ட் அடிச்சேன். வரலாறு படிச்ச புள்ள லா!"