சரசு அத்தை எழுதிய என் பரீட்சை

கண் தெரியாதவர் பரீட்சை எழுத இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, பாடம். இன்னொன்று, நாம் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவரின் குடும்பச் சொத்து விவரம். முதலாவதை நான் ஐந்து வருடம் சட்டக் கல்லூரியில் படித்தேன். இரண்டாவதை யாரும் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை.

கல்லூரியில் எனக்கு எழுதித் தந்தவர்கள் பலவிதம். கொலை வழக்கு வந்தால் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு "ஐயோ பாவம்" என்பாள். இன்னொருத்தன் நான் மூச்சு விட்டால் அதற்கும் ஒரு கமா போடுவான். இவர்களை வைத்தே பட்டம் வாங்கிவிட்டதால், எல்.எல்.எம். நுழைவுத் தேர்வையும் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். (அப்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். இப்போது அளவாகத்தான் இருக்கிறது.) மேலே படித்து ஏதாவது கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த வருடம் மிச்சமிருந்தது இந்த ஒரு தேர்வுதான். இது போனால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும்.

தேர்வுக்கு முந்தின நாள், எழுத வருவதாக இருந்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. எழுதித் தருகிறவர் சட்டம் படித்திருக்கக் கூடாது, நம்மைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் கோவிந்தாபுரத்தில், சொந்தத்தில் அப்படி இருந்து, இங்கிலீஷும் தப்பில்லாமல் எழுதுகிற ஒரே ஆள் சரசு அத்தை, அப்பாவின் தங்கை. பிளஸ் டூவுக்குச் சமமான பிரீடிகிரி முடித்துவிட்டு, இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் யு.கே.ஜி. எடுப்பவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நம்பித்தானே ஆக வேண்டும்?

அப்பா பிக்கப் வண்டியில் எங்களை எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போனார். எங்களுக்குத் தனி அறை. நான், அத்தை, கண்காணிக்க ஒரு மலையாளி டீச்சர். முதல் இரண்டு கேள்விகள் சுலபமாக முடிந்தன. மூன்றாவதுதான் பெரிய கேள்வி. அத்தை இங்கிலீஷில் வாசித்தார். 'ஏ' என்பவர் அண்ணன், 'பி' என்பவர் தங்கை. அவர்கள் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் தன் பங்கு வேண்டாமென்று, கல்யாணத்துக்கு முன்னால் 'பி' அண்ணனுக்கு ஒழிமுறி என்கிற விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். பல வருடம் கழித்து அவள் பங்கு கேட்கலாமா? வாசிக்க வாசிக்க அத்தையின் குரல் கம்மியது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எழுதுங்க அத்தே. பதிவு பண்ணுன ஒழிமுறி செல்லும். 'பி'க்குப் பங்கு கெடையாது."

பேனா ஓடும் சத்தம் வரவில்லை.

"அதெப்படி அம்மிணி கெடையாதுங்கற?"

"சட்டம் அப்படித்தானுங்க அத்தே."

"கண்ணாலத்துக்கு நாலஞ்சு நாளு இருக்கறப்ப, மஞ்சக் கையோட ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி கையெழுத்துப் போடுன்னா, மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"அதெல்லாம் கேள்வியில இல்லீங்களே!"

"கேள்வியில இல்லாட்டி என்ன? எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்வித்தாளில் இருந்த 'பி', என் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். 'ஏ', வெளியே மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். (நான் பார்க்கவில்லைதான். ஆனால் அப்பாவை எனக்குத் தெரியும்.)

"சேச்சி, சம்சாரிக்கண்டா" என்று டீச்சர் பேச்சை நிறுத்தச் சொன்னார்.

"நீங்களே நாயத்தச் சொல்லுங்க டீச்சர்" என்றார் அத்தை.

டீச்சரின் நாற்காலி எங்கள் மேசைப் பக்கம் நகர்ந்தது. பிறகு, "எனிக்கும் உண்டு ரெண்டு சேட்டன்மார்" என்று தன் அண்ணன்மார் கணக்கைச் சொன்னார். கேட்காமலே கூடுதல் தாள் ஒன்று மேசைக்கு வந்தது.

நான் சமரசத்துக்கு இறங்கினேன். "மிரட்டியோ ஏமாத்தியோ வாங்கியிருந்தா செல்லாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமுங்க."

ஒரு வரி என்றுதான் சொன்னேன். பேனா பறந்தது. நான் வாயை மூடிய பிறகும் பறந்தது. தாள் திரும்பும் சத்தம் கேட்டது.

"என்னங்க அத்தே எழுதறீங்க?"

"நீ சொன்னதத்தான்."

கண் தெரியாதவர்களுக்குத் தரும் கூடுதல் நேரம் முழுவதையும் அத்தை தன் வழக்குக்கு எடுத்துக்கொண்டார். மணி அடித்தபோது கடைசி இரண்டு கேள்விகள் அப்படியே கிடந்தன.

வண்டியில் ஏறியதும் அப்பா கேட்டார். "எப்படிக் கண்ணு எழுதுனே?"

நான் ஆத்திரத்தில் வண்டிக் கதவைப் படாரென்று சாத்தினேன். அத்தைதான் பதில் சொன்னார். "நல்லா எழுதியிருக்குதுங் அண்ணா. உங்க பேரப் போடலீங்க. 'ஏ'ன்னுதான் போட்டிருக்குது."

பிறகு, யு.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி ஒப்பித்தார். "ஏ இஸ் எ பிரதர். பி இஸ் எ சிஸ்டர். பி டிட் நாட் ஆஸ்க். ஏ டிட் நாட் கிவ். ஏ ஈட்ஸ் ஆல் தி கோகனட்ஸ்."

குதிரான் சுரங்கம் முழுக்க அப்பா ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார். வடக்கஞ்சேரியிலும் அடித்தார். நெம்மாறையில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சரசு" என்றார்.

"கேட்டுப்போட்டு அப்பறம் உங்கூட்டு வாசப்படிய மிதிக்க முடியுங்களா?"

அப்பா இறங்கிப்போய் மூன்று டீ வாங்கி வந்தார். என்னால் கோபத்தைத் தொடர முடியவில்லை. அந்தத் தோப்புத் தேங்காயில்தான் என் ஐந்து வருடப் படிப்பு நடந்தது. அத்தை அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எதிர்பார்த்தபடியே நான் தேறவில்லை. அடுத்த வருடம் எழுத வந்த பெண்ணிடம் முதலில் கேட்டது, "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்றுதான். ஒற்றைப் பிள்ளை. இடம் கிடைத்தது, படித்தேன், இப்போது குடும்பச் சட்டம் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்குக் கேள்வி போடும்போது 'ஏ', 'பி' என்று வைப்பதில்லை. எக்ஸ், ஒய்தான்.

அந்தத் தேர்வு முடிந்த அடுத்த மாதமே தோப்பில் பாதியை அப்பா அத்தை பேருக்கே எழுதி வைத்தார். பத்திரத்தின் வரைவைப் பேசும் கம்ப்யூட்டரில் நான் அடிக்க, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். "நான் சொல்றத மட்டும் எழுதோணும் அம்மிணி. நீயா ஒண்ணும் சேர்க்கப்படாது."

அன்றிலிருந்து அப்பாவுக்கு வீட்டில் மிஸ்டர் ஏ என்றுதான் பேர். இன்றைக்கும் சட்னிக்குத் தேங்காய் தீர்ந்துவிட்டால், தோப்பைப் பிரித்துப் போட்ட வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பார்.

"சரசு, மிஸ்டர் ஏ ஒரு தேங்கா எடுத்துக்கலாமா?"

"கேட்டாக் குடுக்காமயா போயிருவனுங் அண்ணா?"