மடக்குக் கத்தியின் பழைய சொந்தக்காரர்

வியாழக்கிழமை, காலை பத்தரை மணி

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் முழங்கால் உட்பட சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் நீங்கள் வரப்போவதாக உங்கள் அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறார் இந்த மனுஷன் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் போன் பேசுவது என்றால் உங்கள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது என்று அர்த்தம். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் ரிடையர் ஆன அன்று நீங்கள் ஆசையாக ஒரு மடக்குக் கத்தி கொடுத்தீர்களே, கறுப்புப் பிடி போட்டது, அது தொலைந்துவிட்டது. இரண்டு மாதம் ஆகிறது. ஒருநாள் காலை பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டேன், இல்லை. மேஜை டிராயர், கட்டிலுக்கு அடி, வாஷிங் மெஷின் வடிகட்டி வரைக்கும் தேடிவிட்டேன். உங்கள் அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை. 'என் தம்பி அவ்வளவு ஆசையா குடுத்ததை இப்படித் தொலைச்சிட்டு வந்து நிக்கிறீங்களே' என்று அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. அதனால் ஒரு நகவெட்டியையும் இரண்டு பழைய சாவிகளையும் கைக்குட்டையில் சுற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன், வெளியே இருந்து பார்த்தால் கத்தி மாதிரியே புடைப்பாக இருக்கும். அவளும் இந்த இரண்டு மாதமாக என்றும் இல்லாத திருநாளாக, "ஏங்க, கத்தி இருக்கா? இந்தப் பார்சலைப் பிரிக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் பாக்கெட்டைத் தட்டிக் காட்டி, "இதோ இருக்கே, இதுக்குப் போய் எதுக்குக் கத்தி" என்று சொல்லிப் பல்லாலேயே பிரித்துக் கொடுக்கிறேன். கீழ் வரிசையில் ஒரு பல் ஆட ஆரம்பித்துவிட்டது.

எங்கே போயிருக்கும் என்று யோசித்ததில் மேல் வீட்டுத் தையல்காரர் மேல்தான் சந்தேகம் விழுந்தது. நூல்கண்டுப் பெட்டியைப் பிரிக்க என்று ஒருதடவை வாங்கிப் போனார். திருப்பிக் கொடுத்தாரா என்றால் கொடுத்தார். ஆனாலும் அன்று அவர் அதைப் பார்த்த பார்வை சரியில்லை. நான் ஒன்றும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் ஓடி வருவதைப் பார்த்தால் லிப்ட் கதவைப் பிடித்து நிறுத்துவதை மட்டும் நிறுத்திவிட்டேன். முப்பத்தோரு வருஷம் லிப்ட் பரிசோதகராக இருந்தவன் ஒரு மனிதருக்குக் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய தண்டனை அதுதான். இரண்டு மாதமாக அவர் நாலு மாடி ஏறிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் வந்தால் முதல் கேள்வியே "அத்தான், கத்தி எப்படி இருக்கு?" என்றுதான் இருக்கும். எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் அதே கம்பெனி, அதே அளவில் பழையது ஒன்று வாங்கி வைத்துவிடுவது என்று முடிவு செய்து, நேற்று கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போனேன். சாவி வெட்டுவதோடு பழைய டார்ச், பூட்டு, கத்தி எல்லாம் வாங்கிச் சரிபண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார். பேச்சு குறைவு, நெற்றியில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி.

பழைய மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் எல்லோரும் அலகைப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பூட்டை. நம்முடைய மாதிரி கத்தியில் பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. அலகைத் திறந்ததும் அது பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிப்பகுதிக்கு முட்டுக் கொடுத்து நின்றுவிடும். அந்தத் தகடு பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அலகு மடங்கி நம் விரலில் விழாமல் இருக்கிறது. புதுக் கத்தியில் அது அலகின் இந்த ஓரத்தில் நிற்கும், தேயத் தேயக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஓரத்துக்கு நகரும், எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் நகர இடமில்லை, கத்தியின் கதை முடிந்தது. லிப்ட் கதவிலும் இதேதான். பூட்டுக் கொக்கி ஏழு மில்லிமீட்டராவது உள்ளே போயிருக்க வேண்டும். ஆறரை என்றால் லிப்டை நிறுத்திவிட்டு, பதினோராம் மாடிக்காரர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே படியிறங்கி வந்தவன் நான்.

முதல் கத்தியில் தகடு அலகுக்கு அடியில் சரியாகப் போய் உட்காராமல் ஓரத்தில் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தது. விரல்களை ஒதுக்கிக்கொண்டு அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்தினேன், வழுக்கி மடங்கியே விட்டது. இரண்டாவது ஆடாமல் அசையாமல் கல் மாதிரி இருந்தது. அதுதான் சந்தேகம். அச்சு ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்தச் சொன்னேன், உடனே அலகு மேலும் கீழுமாகக் கடகடவென்று ஆடியது. ஆட்டத்தை மறைக்க ஸ்க்ரூவை இறுக்கி வைத்திருக்கிறார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான், பக்கவாட்டில் ஆடினால் ஸ்க்ரூவை முடுக்கினால் போதும், மேலும் கீழுமாக ஆடினால் பூட்டு தேய்ந்துவிட்டது, அதற்கு மருந்தே கிடையாது. (என் பல் பக்கவாட்டில்தான் ஆடுகிறது.)

"சார், நீங்க வாங்க வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா?" என்றார் சாவிக்காரர்.

"சோதனை போட்டாத்தானே வாங்க முடியும்" என்றேன்.

மூன்றாவதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மரப் பிடி போட்டிருந்தது, பழைய பிடி விரிசல் விட்டிருந்ததால் மாற்றினாராம். கையில் எடுத்ததுமே என்னவோ பல நாள் பழகியது மாதிரி உட்கார்ந்தது, நல்ல கத்தி அப்படித்தான். திறந்தேன். 'டக்'. அருமையான சத்தம். என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் நீல மார்க்கரால் அலகின் அடிப்பகுதியில் பூசிவிட்டு, பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன். மை அழிந்த இடம்தான் தகடு உட்காரும் இடம். பாதியைத் தாண்டி ஒரு நூல் அளவு போயிருந்தது, அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. மேலும் கீழும் ஆட்டம் இல்லை. ஆக, வாங்கலாம். இன்னும் பல வருஷம் தாங்கும், ஒழுங்கான மனிதன் கைக்குப் போனால்.

ஆனால் மச்சான், அந்தக் கத்தியின் பழைய சொந்தக்காரன் ஒழுங்கான மனிதன் இல்லை. அலகைப் பார்த்தால் அகலம் குறையவே இல்லை, சாணை பிடித்த கோடு இரண்டோ மூன்றோதான். அதாவது பூட்டுக்கு இருபது வருஷத் தேய்மானம், அலகுக்கு இருபது நாள் தேய்மானம். இதற்கு என்ன அர்த்தம்? அந்த ஆள் எதையும் நறுக்கவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தில் சும்மா திறந்து மூடி, திறந்து மூடி, வேலைவெட்டி இல்லாமல் பொழுதைக் கழித்திருக்கிறான். போதாக்குறைக்கு அலகில் நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தில் வெள்ளைப் பெயிண்ட். கத்தியால் பெயிண்ட் டப்பாவைத் திறந்த மகானுபாவன்! நானும்தான் போன வருஷம் பால்கனிக் கம்பிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். டப்பாவை எதால் திறந்தேன் என்று இப்போது ஞாபகமில்லை, ஆனால் நீங்கள் கொடுத்த கத்தியால் இருக்கவே முடியாது. அதில் தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை, நான் ஒருநாளும் பரிசோதித்ததுகூட இல்லை.

"இது யாருதுங்க?" என்று கேட்டேன்.

"ஒரு அம்மா கொண்டாந்து குடுத்தாங்க சார். வீட்டுக்காரரோடதாம்."

"அவரு?"

சாவிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அதை நான் கேக்கல சார். ஆனா குடுத்துட்டு ரொம்ப நிம்மதியா போனாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. பாவம், அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இத்தனை நேரம் அவனைத் திட்டியது ஒரு மாதிரியாகிவிட்டது. இருந்தாலும் அந்த அம்மாவை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை, எத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு பொறுமையாகக் குடித்தனம் நடத்தினார்களோ. கத்தியை வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே அந்த ஆத்மாவுக்காக ஒரு நிமிஷம் கண்மூடி நின்றுவிட்டுத்தான் வந்தேன். சாவிக்காரர் பூதக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நீங்கள் வந்து கத்தியைக் கேட்டதும் இதை எடுத்துக் காட்டுவேன். பிடி உடைந்து மாற்றினேன் என்பேன். நீங்கள் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் அக்கா காதுபட, "இது நான் குடுத்த அதே கத்திதான் அத்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பொய்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். வேறொருவன் தேய்த்த பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் நிற்பது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, உங்கள் அக்கா மனசு நோகக்கூடாது.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, தங்கள் சாமான்களைத் தொலைக்காமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: மாலை ஐந்து மணி. பன்னிரண்டு மணிக்கு உறை ஒட்டப் பசை வாங்கிவரக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் உங்கள் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏங்க," என்றாள், "நீங்க செத்துப் போயிட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மேலே எழுதியதில் பெரும்பாலானவற்றை அடித்துவிட்டுப் படிக்கவும். அந்த அம்மா உங்கள் அக்காதான். காலையில் பேப்பர் படிக்கும்போது டக், யோசிக்கும்போது டக், அவள் பேசும்போது மட்டும் இரண்டு டக்காம். பல தடவை சொன்னாளாம், நான் "சத்தமா? எந்தச் சத்தம்?" என்றேனாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து எடுத்துக்கொண்டுபோய்ச் சாவிக்காரரிடம் கொடுத்துவிட்டாள். நான் 'எங்கே' என்று கேட்டதும் உண்மையைச் சொல்லி ஒரு பாட்டம் சண்டை போட்டுவிடலாம் என்று காத்திருந்தாளாம். "நீங்கதான் கேக்கவே இல்லையே! இல்லாத கத்தியைத் தட்டித் தட்டிக் காட்டினா நான் என்னன்னு வாயைத் திறக்கிறது? நீங்களா எப்ப ஒத்துக்குவீங்கன்னு பாக்கத்தான் தினம் ஒரு பார்சலைக் கொண்டாந்தேன்."

நான் நம்பவில்லை. என் கத்தியில் தேய்மானமே கிடையாது என்று சொன்னேன், அதுவும் மூன்றே வருஷத்தில் இருபது வருஷத் தேய்மானம் எப்படி வரும்? "கண்ணை மூடிக்கிட்டுக் கத்தியைத் திறங்க" என்றாள். திறந்தேன். "இதேதான்" என்றாள், "இந்த டக்கை நான் எங்க கேட்டாலும் சொல்லிடுவேன்." அலகைத் திறந்த என் கட்டைவிரலும் அதையே சொல்லிவிட்டது. பூட்டை மார்க்கர் பூசிப் பார்த்த நான் ஏமாந்தேன், சமையலறையில் இருந்தபடியே கேட்டவள் ஏமாறவில்லை.

அந்த ஆளை வேலைவெட்டி இல்லாதவன் என்று எழுதியிருந்தேனே, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் மச்சான். முப்பத்தோரு வருஷம் பூட்டு பூட்டாகத் திறந்து மூடிப் பார்த்த கை, ரிடையர் ஆனதை அதற்கு யாரும் சொல்லவில்லை. இதை உங்கள் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மூணு நாள் வீடு நிம்மதியா இருந்துச்சு. நாலாவது நாள் நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னே தெரியல, அடுப்பை அணைச்சிட்டு வந்து பாத்துட்டுப் போனேன்" என்றாள்.

கத்தி வீட்டில் இருக்கலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. நிபந்தனை ஒன்றுதான்: நறுக்க ஏதாவது இருந்தால் மட்டுமே திறக்க வேண்டும். அதனால் இன்று மத்தியானச் சமையலுக்குக் காய் முழுக்க நான்தான் நறுக்கினேன், ராத்திரிக்கும் நானே, நாளைக்கு உள்ளதையும் எடுத்து வைத்திருக்கிறாள். அவள் பேப்பர் படிக்கிறாள். தையல்காரருக்காக ஐந்து நிமிஷம் லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் பயந்துபோய்ப் படியேறியே போய்விட்டார். நாளை மறுபடியும் நிற்பேன்.

கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், தங்கச்சிக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்கிறாள் உங்கள் அக்கா. அப்புறம், நீங்கள் சொல்ல வேண்டிய பொய்யை எழுதியிருந்தேனே, அதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். வந்ததும் அப்படியே சொல்லுங்கள். அது உண்மையாகிவிட்டது.