குளிர்காற்று இன்னும் வரவில்லை

ஆல்டர் குடா,
சுப்பீரியர் ஏரியின் தென்கரை,
நவம்பர், சனிக்கிழமை மாலை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி லாரன்ஸ் நோவிட்ஸ்கி அவர்களுக்கு,

அர்வோ கோஸ்கெலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி ஐலியும் உங்கள் மருமகள் மார்லாவும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். வழக்கமாக "இங்கு அனைவரும் நலம்" என்றுதான் எழுதுவேன். இந்த முறை பெயர் பெயராக எழுதியிருக்கிறேன். விட்டுப்போன பெயரைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். சம்பந்தியம்மாவுக்கு இப்போதைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

மாப்பிள்ளை கிரெக் இன்று மதியம் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போனார். இன்னும் திரும்பவில்லை. வெளியே வடமேற்குக் காற்று கூரையைப் பெயர்த்துவிடுவதுபோல் அடிக்கிறது. தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது, மின்சாரம் போய்விட்டது, கடைத்தெருவுக்குப் போகும் வழியில் மரம் விழுந்து கிடக்கிறது. தங்களுக்குச் செய்தி சொல்ல இந்தக் கடிதத்தைத் தவிர வழியில்லை. அதுவும் நானாக எழுதவில்லை. ஐலி காகிதத்தையும் பேனாவையும் மேஜைமேல் வைத்து, "அந்தப் பிள்ளைய அனுப்பினது நீங்க. அவங்கப்பாவுக்கு எழுதறதும் நீங்கதான். உக்காருங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மான் வேட்டை தொடங்கும் நாள் எங்கள் ஊருக்கு எப்படிப்பட்டது என்று பெரிய நீரிணைப் பாலத்துக்குத் தெற்கே வசிக்கும் தங்களுக்குப் புரியாது. குறையாகச் சொல்லவில்லை, தெற்கத்திக்காரர்களுக்கு எத்தனையோ வேறு நல்ல குணங்கள் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு வராதவன்கூட வேட்டைக் குடிலுக்கு வந்துவிடுவான். எங்கள் குடில் குடாவுக்கு அக்கரையில், முனையில் இருக்கிறது. போன மாத மழையில் அந்தப் பக்கத்துப் பாதை அரித்துப் போய்விட்டதால் புகைக்குழாய், மெத்தை, உருளைக்கிழங்கு மூட்டை, காப்பித்தூள், ஐலி சுட்ட இறைச்சிப் பணியாரம் என எல்லாவற்றையும் படகில்தான் கொண்டுபோக வேண்டும். காலையில் வானொலியில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். மாலைக்குள் குளிர்காற்று வரும், படகுகள் வெளியே போக வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளை காப்பிக் கோப்பையோடு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மாமா. போகலாமா?" என்றார். சம்பந்தி, அந்தக் கேள்விதான் என் புத்தியைக் கெடுத்தது.

ஏனென்றால் இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நாள்முதல் வானிலைதான் எனக்கு வேலை. இலையுதிர் காலம் வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்து காற்றழுத்தமானியே கதியென்று கிடப்பேன். மேற்கே சமவெளியில் ஒரு புயல் தலையெடுத்ததென்றால் அது எங்கள் ஏரியை எப்போது எட்டும், தெற்கத்தி வெதுவெதுப்பைத் தள்ளிக்கொண்டு குளிர்காற்றின் முகப்பு எந்த நேரத்தில் எங்கள் கூரையைக் கடக்கும் என்று கணக்குப் போடுவேன். கணக்குச் சரியாகத்தான் இருக்கும். புயல்தான் சில சமயம் வராது. போன வருடம் என் பேச்சைக் கேட்டு தேவாலயத்தில் மீன் விருந்தை ரத்து செய்தார்கள். அன்று முழுக்க வெயில் கொளுத்தியது. அதிலிருந்து கூட்டுறவுக் கடைக்குள் நான் நுழைந்தாலே, மீன்பிடிப் படகு வைத்திருக்கும் வெர்னர், "ஏம்ப்பா அர்வோ, இன்னிக்குக் குடை எடுக்கலாமா? நீ வேணாம்னு சொல்லு, எடுத்துக்கறேன்" என்பான். கடையே சிரிக்கும். மார்லா, பெற்ற மகள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். உங்கள் மகன் ஒருவர்தான் சிரித்ததில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த முள் ஏன் மாமா கீழ இறங்குது?" என்று கேட்பார். அப்படி ஒரு மாப்பிள்ளையை வளர்த்துக் கொடுத்ததற்கு உங்களுக்கு நான் ஒரு தடவையும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அதனால் நான் சொன்னேன்: "வானொலிக்காரன் மொத்த ஏரிக்கும் சேர்த்துச் சொல்றான் மாப்பிள்ளை. நம்ம குடாவுக்கு நான் சொல்றேன். முகப்பு வந்ததும் வெப்பம் சட்டுன்னு விழும். அது விழாத வரைக்கும் பயமில்ல. நான் இங்கேயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். விழ ஆரம்பிச்சா கூரைமேல சிவப்புக் கம்பளிய விரிச்சுப் போடறேன். அக்கரையிலிருந்து தெரியும். பாத்ததும் கெளம்பி வந்துடுங்க." என்னிடம் வெளி வெப்பத்தைக் கம்பி வழியாகச் சமையலறைக்குக் கொண்டுவந்து எண்ணாகக் காட்டும் கருவி இருக்கிறது. அது ஃபாரன்ஹீட் கணக்கில் ஐம்பது என்று காட்டியது. மாப்பிள்ளை அந்த எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சிவப்புக் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு கருவிக்கு எதிரே உட்கார்ந்தேன். அசையவில்லை. ஐம்பது, ஐம்பத்திரண்டாயிற்று. எனக்கு உச்சி குளிர்ந்தது. தெற்கத்திக் காற்று இன்னும் ஏறுகிறது, முகப்பு எங்கோ மேற்கே மின்னசோட்டாவில் நொண்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பிறகு ஐம்பத்தேழு. தபால் அலுவலகக் கொடி தெற்கேயிருந்து திரும்பி நேர் எதிர்ப்பக்கம் படபடத்தது. கயிறு சிக்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அறுபத்திரண்டு. ஐலி கொடியில் காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து, "என்னங்க, படி வழுக்குது. பனிக்கட்டி மாதிரி என்னமோ கொட்டுது" என்றாள். "அது எப்படிக் கொட்டும்? முப்பத்திரண்டுக்கு இறங்கினாத்தானே உறையும்? இப்ப அறுபத்திரண்டு டிகிரி" என்றேன். அவள் தன் கையில் வாங்கிவந்த பனிமணியை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன், கருவியைப் பார்த்தேன். எழுபது. சம்பந்தி, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு மாப்பிள்ளை நினைவே வரவில்லை. நவம்பரில் எழுபது டிகிரியில் பனிமணி விழுவதை இந்தக் கரையில் எவனும் கண்டதில்லை, இது என் பெயரில் பதிவாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். கம்பளியை மடியிலிருந்து இறக்கிவிட்டு வானிலை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டேன்.

ஒரு பெண் எடுத்தார். பெயர், ஊர் எல்லாம் சொல்லி, எழுபத்தாறு என்றேன், அதற்குள் அவ்வளவு ஏறியிருந்தது.

"சார், முகப்பு உங்க ஊரைத் தாண்டிப் போயிடுச்சே. உங்களுக்கு ரெண்டு பக்கத்துலயும் இருபத்தெட்டுதான் காட்டுது. உங்க வெப்பமானி எங்க மாட்டியிருக்கு?"

"வடக்குச் சுவர்லதாம்மா. துளி வெயில் படாது."

"எந்தக் கட்டடத்தோட வடக்குச் சுவர் சார்?"

நான் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் இந்தப் பக்கத்துப் பெண்தான் போலிருக்கிறது. மெதுவாகக் கேட்டார்: "சார், இன்னிக்கு சனிக்கிழமையாச்சே?"

அத்தோடு கம்பி அறுந்தது.

கொல்லையில் நாங்கள் நீராவிக் குளியல் எடுக்கும் சவுனாக் குடில் தங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணத்தன்று தாங்கள் மரியாதைக்காக உள்ளே வந்து, காய்ந்த கல்மேல் நான் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றியதும் துண்டைக்கூட எடுக்காமல் தோட்டத்துக்கு ஓடினீர்களே, அந்தக் குடில்தான். வெப்பமானியை முன்பு தனிக் கம்பத்தில்தான் வைத்திருந்தேன். செப்டம்பரில் ஒரு கரடி முதுகு சொறிந்துகொள்ள வந்து கம்பத்தையே சாய்த்துவிட்டது. புதுக் கம்பம் நடும்வரைக்கும் என்று சவுனாச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மற்ற நாளெல்லாம் அது ஒழுங்காகத்தான் காட்டியது. ஊரே சவுனா மூட்டும் சனிக்கிழமைகளில் நான் அதைப் பார்ப்பதில்லை, சவுனாவுக்குள் இருப்பேன். கொல்லைக் கதவைத் திறந்தேன். புகைபோக்கியிலிருந்து புகை வடமேற்குக் காற்றில் படுக்கையாகப் போய்க்கொண்டிருந்தது. "ஐலி, சவுனா மூட்டினியா?" என்றேன். "சனிக்கிழமை மூட்டாம? மதியமே மூட்டிட்டேன். குளிர்ல வர்ற புள்ளைக்குச் சூடா இருக்கட்டும்னு" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். விரிப்பதற்குள் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அக்கரையே தெரியவில்லை. படகுத்துறைக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் வண்டி நின்றது, படகு இல்லை. மார்லா எனக்கு முன்பே வந்து, துறையின் அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டி விழும் அலைகளைப் பார்த்தபடி நின்றாள். அங்கே நின்ற வெர்னரின் கையைப் பிடித்துக்கொண்டு உன் படகை எடு என்று கெஞ்சினேன். அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. "அலை சுவத்தையே முழுங்குது, அர்வோ. நான் இறங்கினா ரெண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும். காத்து கொஞ்சம் அடங்கட்டும், கண்டிப்பாப் போறேன்" என்றான். வெர்னர் என்னைக் கிண்டல் செய்யாததைக் கண்டதும்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது. அவனும் மார்லாவும் கரையோரமாக வண்டியில் தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள். மார்லா என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை, "அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க." வரும் வழியில் வெப்பமானியைச் சவுனாச் சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கினேன். அதைக் கண்டபடி திட்டினேன். பிறகு அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

சம்பந்தி, தங்கள் மகனுக்கு ஏரியைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். ஊரே நம்பாத என்னை நம்பிய ஒரு மனிதரை நான் அந்தத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டு, எண் ஏறுவதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். இனி எனக்கு வானிலை வேண்டாம். காற்றழுத்தமானி, மழைமானி, காற்றின் வேகம் அளக்கும் கிண்ணம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். தாங்கள் வரும்போது அதை என் கண்முன்னாலேயே ஏரியில் எறியலாம். என்னையும் எறிய விரும்பினால் மறுக்க மாட்டேன். ஆண்டவர் உங்கள் மகனைக் கரைசேர்க்கட்டும். தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் மனவலிமையைத் தரட்டும்.

மன்னிப்புக் கேட்கும் தகுதியும் இல்லாத,
தங்கள் சம்பந்தி,
அர்வோ கோஸ்கெலா

பின்குறிப்பு: மாப்பிள்ளை இருக்கிறார். முழுசாக இருக்கிறார். அக்கரைக்குப் போகவும் இல்லை. வெர்னரும் மார்லாவும் விறைத்துப்போய்த் திரும்பிவந்தார்கள். மார்லாவால் நிற்க முடியவில்லை. "மொதல்ல சவுனாவுக்குள்ள போய் உடம்பைக் காய வெச்சுக்கோ" என்று ஐலி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். உடை மாற்றும் முன்னறையைத் திறந்தால், உங்கள் மகன் நாலு துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் குறட்டை விடுகிறார். நான் முட்டிக்கொண்டு அழுத அதே சுவருக்கு அந்தப் பக்கம். தடுப்புச் சுவரைத் தாண்டியதும் ஏரி கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறார். உடனே திரும்பிப் படகை ஆற்று வாயில், பழைய மீன் கொட்டகைக்குப் பின்னால் கட்டிவிட்டு, தண்டவாளத்தோரமாக நடந்து வந்து, யார் கண்ணிலும் படாமல் சவுனாவுக்குள் புகுந்துவிட்டார். குளிருக்கு அடுப்பில் விறகை மேலும் மேலும் திணித்ததும் அவர்தான். எழுபத்தாறு அப்படித்தான் வந்தது. குளிக்கும்போது உடம்பைத் தட்டிக்கொள்ள அங்கே தொங்கவிட்டிருந்த பிர்ச் இலைக்கட்டை எடுத்து மார்லா அவரை அடித்த அடியில் ஒரு இலையும் மிஞ்சவில்லை.

"எதுக்கு மாப்பிள்ளை ஒளிஞ்சீங்க?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "ஏரியப் பாத்தாப் பயமா இருந்துச்சு மாமா. ஆனா நீங்க பயமில்லன்னு சொல்லியிருந்தீங்க. நானும் உங்கள நம்பலன்னு தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிடுவீங்க. அக்கரைக்குப் போயிட்டு வர்ற நேரம் ஆகட்டும், அப்புறம் போயிட்டு வந்த மாதிரி வரலாம்னு உக்காந்தேன். தூங்கிட்டேன்" என்றார். கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என்னை நம்பாததால்தான் உயிரோடு இருக்கிறார் என்பதும் தெரிகிறது, நம்பவில்லையே என்று நெஞ்சு வலிக்கவும் செய்கிறது. இரண்டையும் ஒரே ஆளிடம் காட்ட முடியாமல் சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூட ஐலி மூலமாகத்தான் கேட்டு வாங்கினேன்.

கருவிகளை எறிய வேண்டாம், பெட்டியைப் பிரித்துவிட்டேன். அவற்றின்மேல் குற்றமில்லை. நாளை காற்று அடங்கும், மதியத்துக்குள் வெயில் வரும், சாமான்களைக் கொண்டுபோகலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "சரி மாமா" என்றார் உங்கள் மகன், அதே பணிவோடு. பிறகு பாத்திரம் கழுவும் ஐலியின் பக்கத்தில் போய் நின்று, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "நீங்க என்ன நினைக்கறீங்க அத்தை?" என்று கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து, "திங்கக்கிழமை போங்க" என்றாள்.