மஞ்சள் குளித்த டிவி

தட்டுப்பாடு வந்து பெட்ரோலுக்காகப் பாயும் தலையணையுமாய் வரிசையில் கிடந்தோமே, அந்தக் கூத்து முடிந்து, கரண்ட் வெட்டுவதும் நின்று, மறுபடி எல்லார் வீட்டிலும் டிவி ஓட ஆரம்பித்த சமயம். அப்போதுதான் என் இளைய மகள் மலரைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குத் தேதியெல்லாம் ஞாபகம் நிற்காது. இப்படி எதையாவது பிடித்துக்கொண்டுதான் பின்னால் போக வேண்டும்.

மலருக்கு முப்பது தாண்டியிருந்தது. கண்டியில் ஒரு அச்சகத்தில் வேலை. குணத்தில் குறையில்லை. ஆனால் புது ஆள் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். இன்னொன்று, பழைய டிவி கேம் விளையாடுவாள். கல்யாண வயசுப் பெண் இதையா விளையாடுகிறாள் என்று முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். வடையைத் தின்றுவிட்டுச் சிரித்தான். (தின்பதற்கு முன்னால் சிரித்திருந்தால் வடையாவது மிஞ்சியிருக்கும்.) அதோடு அவள் மாப்பிள்ளை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

பிறகு மடுல்கெல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குமரன் என்ற பையனின் ஜாதகம் வந்தது. போனில் அந்தப் பையன் பெண்ணின் நிறத்தைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. “கேம் விளையாடுவாங்கனு சொன்னாங்க. ஒங்க வீட்டு டிவி பெட்டி டிவியா, தட்டை டிவியா?” என்றான்.

நான் அதைச் சொன்னதும் மலர் முதல் தடவையாகச் சிரித்தாள். அவனும் அந்தக் கோஷ்டிதானாம்.

எங்கள் டிவி பெட்டி டிவி. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் கொழுந்தியாள் செல்வி குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பியது. வந்த லொறி எங்கள் ஏற்றத்தில் ஏறாமல் நின்றுவிட, மூங்கிலில் கட்டி, சாமி தூக்குவது போல ஆட்கள் தோளில் கொண்டுவந்தார்கள். முன்னால் ஒருவன் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தான். அவ்வளவு கனம். இங்கே வாங்கின டிவியில் ஜப்பான் கேமைப் போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் வருமாம், குவைத் டிவி எந்த ஊர் படத்தையும் கலரில் காட்டுமாம். மலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாவம் செல்வி, யாருக்கோ பாத்திரம் கழுவி அனுப்பியது, இப்படி உதவும் என்று நினைத்திருப்பாளா?

தட்டை டிவியில் ஏன் விளையாடக் கூடாது என்று மலரிடம் கேட்டிருக்கிறேன்.

“அந்தக் காலத்து கேம் அந்தக் காலத்து டிவிக்குனே செஞ்சதுப்பா. தட்டையில போட்டா தண்ணியில ஊறின பப்படம் மாதிரி இருக்கும்.”

ஆன்டெனா ஓட்டையில் வயரைக் கொடுத்தால் படத்தில் மழை பெய்யுமாம். மூன்று நிறப் பின் வைத்த வயரை முதுகிலுள்ள ஓட்டைகளில் குத்தினால் மழை நிற்குமாம். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. பெரிய ஸ்பீக்கரைக் கிட்டே வைத்தால் டிவியின் மூலை ஊதாவாகிவிடுமாம். அரை மணி நேரம் முன்னாலேயே போட்டுச் சூடாக்கினால் நிறம் ஒரு நிலைக்கு வருமாம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

பெண் பார்க்க வரும் நாள் வெள்ளிக்கிழமை. முதல் நாளே மலர் வயரையெல்லாம் இணைத்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, படத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்துவிட்டாள்.

“அப்பா, எனக்குப் பேச வராது. இந்தப் படம் நல்லா வந்தா அவரே பேசிருவாரு. கும்பிட்டுக் கேக்குறேன், டிவி பக்கம் மட்டும் போயிறாதீங்க.”

“நான் ஏன்டா போறேன்” என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

காலையில் மலரை உள்ளறையில் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி செல்லம்மா ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கையில் கொடுத்து, “நல்ல காரியங்க. முன் ஹோலைத் தொடைச்சிருங்க” என்றாள். தரையைத் துடைத்தேன். கதிரையைத் துடைத்தேன். அலுமாரியைத் துடைத்தேன். டிவியின் பின்பக்கம் ஒரே தூசி. மாப்பிள்ளை முன்பக்கம் பார்ப்பான், அவன் அம்மா பின்பக்கம்தான் பார்ப்பாள் என்று எனக்குள் ஒரு ஞானம் பிறந்தது.

கரண்டை நிறுத்தினேன். (அந்த அளவு புத்தி இருந்தது.) வயர்களைப் பிடுங்கினேன். பின்கள் அழுக்காக இருந்தன. மஞ்சள் தண்ணீர்த் துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தேன். ஆயுத பூசைக்குக் கத்தி, மண்வெட்டிக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், இன்றைக்கு வீட்டையே காப்பாற்றப் போகிற சாமானுக்கு வைக்காவிட்டால் எப்படி? ஒவ்வொரு பின்னுக்கும் குங்குமம். டிவியின் முதுகிலுள்ள ஓட்டைகளைச் சுற்றிச் சந்தனம். கேம் பெட்டிக்கும் அதே மரியாதை.

திருப்பிக் குத்தப் போனபோதுதான் கவனித்தேன். வெள்ளைப் பின் மஞ்சளைக் குடித்து மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் பின் குங்குமத்தில் சிவந்திருந்தது. சிவப்புப் பின் என் கையிலிருந்த சந்தனத்தில் வெளுத்திருந்தது. ஓட்டைகளின் நிறமும் சந்தனத்துக்குள்ளே. மூன்று பின், மூன்று ஓட்டை, எப்படியும் ஒன்றுக்கு ஒன்று போகத்தானே வேண்டும் என்று குத்திவிட்டு வந்து சட்டை போட்டுக்கொண்டேன்.

குமரனும் அவன் அம்மாவும் வந்தார்கள். நல்ல அம்மா. பஸ் ஏறி இறங்கிக் களைத்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தோம். மலர் இன்னும் வரவில்லை. பேச்சு மழையில் ஆரம்பித்து மழையிலேயே நின்றுவிட்டது.

“டிவியைப் போடுங்களேன்” என்றாள் செல்லம்மா.

டிவியையும் கேம் பெட்டியையும் போட்டேன்.

படம் இல்லை. கறுப்பு. ஆனால் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், தேயிலை பெக்டரி மெசினை ஹோலுக்குள் கொண்டுவந்து ஓட்டின மாதிரி. அந்த அம்மாவின் மடியில் தேத்தண்ணி. அடுத்த வீட்டு நாய் ஊளையிட்டது. நான் ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டேன்.

உள்ளேயிருந்து மலர் ஓடி வந்தாள். பாதிப் பூ தலையில், மீதி முதுகில்.

“அப்பா, என்னா செஞ்சீங்க?”

“தொடைச்சேன்டா.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. போச்சு, இந்த இடமும் போச்சு, நானே கெடுத்தேன் என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மலர் கரண்டை நிறுத்திவிட்டு டிவிக்குப் பின்னால் போனாள். குமரனும் எழுந்து மறுபக்கமாகப் பின்னால் போனான். எங்களுக்கு இரண்டு பேரின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

“இதுல மஞ்சள் எதுங்க?”

“எல்லாமே மஞ்சள்தாங்க.”

“அப்ப வெள்ளை?”

“அதை எங்கப்பாகிட்டதான் கேக்கணும்.”

பிறகு குமரன், “இந்தப் பின்னுக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்கே, இதுதாங்களா பொண்ணு?” என்றான்.

மலர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். நாய்கூட நிறுத்திவிட்டது.

மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தார்கள். ஒரு தடவை கோடு கோடாக ஓடியது, ஒரு தடவை கறுப்பு. அப்புறம் டக்கென்று படம் வந்தது. அப்படி ஒரு படம். பச்சை பச்சையாய், நீலம் நீலமாய், ஒரு குட்டி மனுசன் குதிக்கத் தயாராக நிற்கிறான். நானும் செல்லம்மாவும் அந்த அம்மாவும் வாயைப் பிளந்து பார்த்தோம். யாருக்காக அந்தப் படமோ அந்த இரண்டு பேரும் டிவிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மலர் பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். குட்டி மனுசன் நின்றுகொண்டே இருந்தான்.

கடைசியில் குமரன் வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள், நெற்றியில் குங்குமம். எனக்கு உயிர் போய்விட்டது. அவன் அம்மா மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செல்லம்மாவைப் பார்த்து, “நாங்க பேசி முடிக்கத்தான் வந்தோம். நீங்க நலுங்கே வச்சு அனுப்புறீங்களே, சம்மந்தி” என்றார்.

சம்மந்தி என்ற அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுவேன். வேறு யாராவது என்றால் தேத்தண்ணிக் கறைக்கே எழுந்து போயிருப்பார்கள்.

கல்யாணம் முடிந்து கண்டியிலேயே இருக்கிறார்கள். நான் அவர்கள் வீட்டுப் படியில் கால் வைத்தால் மருமகன் உள்ளே பார்த்து, “மலர், மாமா வர்றாரு, வயரையெல்லாம் எடுத்து ஒளிச்சு வை” என்று சத்தம் போடுவார். யார் புதிதாக வந்தாலும் உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்வார். சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறார் என்பது மட்டும் பொய். துவைத்தார், மஞ்சள் போகவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய பெட்டி டிவியைக் கோழிக்கூட்டுப் பக்கம் போட்டு வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் படத்துக்காக எங்கள் மலரைப் போலக் காத்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.