நாகரத்தினம் சார் மாதிரி ஒரு பேண்ட்டு

பேண்ட்டு தைக்கப் போகிற ஆள் டெய்லர் சொல்வதைக் கேட்கலாம், பெண்டாட்டி சொல்வதைக் கேட்கலாம், ஒன்றும் புரியாவிட்டால் பூவா தலையா போட்டுக்கூடப் பார்க்கலாம். இன்னொருத்தன் காலைக் காட்டி, ‘எனக்கும் இதே மாதிரி தைத்துக் கொடு’ என்று மட்டும் சொல்லக் கூடாது. அவன் எதற்காக அப்படித் தைத்துப் போட்டிருக்கிறான் என்பது அவனுக்கும் அவன் டெய்லருக்கும்தான் வெளிச்சம். இந்தப் புத்தி எனக்கு வருவதற்குள் ஒரு சர்க்கார் உத்தியோகம் கையை விட்டுப் போய்விட்டது. மானம் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போயிருந்தது.

யுத்த காலம். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கம் எனக்கு ஊர். காலங்காலமாக ஏர் பிடித்த குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பிரகஸ்பதி நான்தான். ஆவடிப் பக்கம் வெள்ளைக்காரன் ஒரு பட்டாளத்துச் சாமான் டிப்போ வைத்திருந்தான். (கம்பளி, பூட்ஸ், பிளேடு, டின் பால் என்று உள்ளே மலையாகக் குவிந்து கிடக்கும். வெளியே ஜனங்கள் ஒரு முழம் துணிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.) அதில் எனக்கு டெம்பரரி குமாஸ்தா வேலை. லாரியில் வந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தினமும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பருத்திப்பட்டு வழியாக சைக்கிள் மிதித்துப் போய் வருவேன்.

ஒரு நாள் ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார். "திங்கட்கிழமை துரை உன்னைப் பார்க்கணும்ங்கிறார். ஒருத்தனைப் பர்மனென்ட் ஆக்கப் போறார். வேட்டியோட போய் நின்னா பேனாவை மூடி வெச்சிடுவார். பேண்ட்டு போட்டுக்கிட்டு வா" என்றார்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டில் வந்து சொன்னேன். என் அப்பா கடப்பாறையைக் கழுவிக்கொண்டிருந்தார். "சராய் மாட்டிகினு எப்டிடா சேத்துல எறங்குவே?" என்றார்.

"சேத்துல எறங்காம இருக்கத்தான் நைனா சராய்" என்றேன். (இவ்வளவு திமிராக நான் அதற்கு முன்னாலும் பேசியதில்லை, பின்னாலும் பேசியதில்லை. பின்னால் பேசச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.)

என் மனைவி அமிர்தம், சொந்தத் தாய்மாமன் மகள். அவள் மட்டும், "அங்க யாராச்சும் நல்லா போட்டுகினு கீறாங்களா? அத்தப் பாத்து தெச்சிக்க மாமா" என்றாள். பாவி, அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள்.

நல்லா போட்டுக்கொண்டிருந்த ஆள் ஒருத்தர்தான். ஸ்டோர் கீப்பர் நாகரத்தினம் சார். டிப்போவில் மற்றவர்கள் பேண்ட்டு போட்டிருந்தால் பேண்ட்டு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஒருத்தருக்கு முழங்காலில் புடைத்துக்கொண்டிருக்கும். இன்னொருத்தருக்குப் பின்பக்கம் தொங்கும். நாகரத்தினம் சாருக்கு இடுப்பில் கச்சிதமாகப் பிடித்து, முன்னால் இரண்டு பக்கமும் மடிப்பு விழுந்து, தொடையில் தாராளமாக விரிந்து, பூட்ஸின் மேல் வந்து படியும். அவர் நடந்து போனால் பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். நான் பெட்டி எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் துரை என்ன, கவர்னரே கையெழுத்துப் போடுவார் என்று தோன்றியது.

அவருக்குத் தைப்பவர் பூந்தமல்லி டெய்லர் ராஜமாணிக்கம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அலைந்து திரிந்து வாங்கிய காக்கித் துணியோடு போய் நின்றேன்.

"எப்டி வோணும் நைனா? சோல்ஜர் மாதிரி நேரா வெட்டவா? சட்டைக்காரங்க, அதான் ஆங்கிலோ இந்தியங்க, அவங்க மாதிரி டைட்டா வெட்டவா?" என்று கேட்டார்.

இரண்டு மாதிரியும் தொங்கிக்கொண்டிருந்தன. நேராக வெட்டியது மூட்டை மாதிரி இருந்தது. டைட்டானதை என் காலோடு வைத்துப் பார்த்தேன். என் கால்கள் இரண்டும் முருங்கைக்காய்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் போலிருந்தது.

"ரெண்டும் வேணாம். டிப்போவுல நாகரத்தினம் சாருக்குத் தெச்சீங்களே, அதே மாதிரி" என்றேன்.

ராஜமாணிக்கம் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் டிப்போவா?"

"ஆமாம். பர்மனென்ட் ஆகப் போறேன்."

"சரிதான். அவுரு மாதிரின்னா, எல்லாமேவா?"

"எல்லாமே. ஒரு நூல் மாறக்கூடாது."

"துணி ஜாஸ்தி புடிக்கும்."

"பிடிக்கட்டும்" என்றேன், ஏதோ ஜமீன்தார் மாதிரி. அவர் சிரித்துக்கொண்டே அளவெடுத்தார். என் அழகைக் கண்டு சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை காலையில் போட்டுப் பார்த்தேன். வெளியே அச்சு அசல் நாகரத்தினம். உள்ளே இடது காலில் மட்டும் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் இன்னொரு துணி வைத்துத் தைத்திருந்தது. மேலே இடுப்புப் பட்டைக்குப் பின்னால் ஒரு வாய், அதற்கு ஒரு பொத்தான். என் வம்சத்தில் பேண்ட்டு போட்டவன் யாரும் இல்லை. பேண்ட்டு என்றால் உள்ளே என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? வலது காலில் அது இல்லையே என்று ஒரு குறைகூட வந்தது.

"இது இன்னாத்துக்கு மாமா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"காத்து வரத்துக்கு" என்றேன். எட்டாம் கிளாஸில் விஞ்ஞானம் படித்தவன் அல்லவா?

துரை என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். "ஸ்மார்ட்" என்றார். கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருடைய யுத்தத்தை நானே போய் ஜெயித்துக் கொடுத்திருப்பேன். பர்மனென்ட் ஆகிவிட்டேன். இனி என் பிள்ளைகள் நாற்று முடி தூக்க வேண்டாம். வெளியே வந்தவன் நேராக நாகரத்தினம் சாரிடம் போய் நின்றேன்.

"சார், பாருங்க. உங்க டெய்லர்தான். உங்களுது மாதிரியே தைக்கச் சொன்னேன்."

அவர் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நான் நன்றாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

"மாதிரியேன்னா?" என்றார்.

"ஒரு நூல் மாறல சார். உள்ள வெச்சிருக்கிற துணிகூட அப்படியே இருக்கு. நல்லா குளுகுளுன்னு இருக்கு சார்."

நாகரத்தினம் சார் என் தோளில் கை போட்டார். அதுவரைக்கும் என் பேர்கூட அவருக்குத் தெரியாது. "நல்லா வருவே தம்பி" என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு அதே சந்தோஷம்தான்.

சாயங்காலம் கேட்டில் வரிசையாக வெளியே விடுவார்கள். ஹவில்தார் ஒருத்தர், வேலூர்ப் பக்கத்து ஆள், எல்லோரையும் தடவிப் பார்த்து அனுப்புவார். தினமும் என் வேட்டி மடிப்பைத் தட்டிவிட்டுப் போகச் சொல்லுகிறவர், அன்றைக்கு என்னைத் தனியாக நிறுத்தினார். பேண்ட்டின் மேல் கை வைத்தார். இடது தொடையில் கை நின்றது. "கழட்டு" என்றார்.

"எதுக்குங்க?"

"கழட்டுன்னா கழட்டு."

காவல் கொட்டகையில் நிற்க வைத்துக் கழற்றினார்கள். கோவணத்தோடு நின்றேன். பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பினார் ஹவில்தார். காற்றுக்காக வைத்தது என்று நான் நினைத்த துணி நீளமாக ஒரு பையாகத் தொங்கியது. தாராளமாக இரண்டு டின் பால் பிடிக்கும். துரையைக் கூப்பிட்டார்கள். காலையில் ஸ்மார்ட் என்று சொன்ன அதே துரை. பையை ஒரு குச்சியால் தூக்கிக் காட்டி, இது எதற்கு என்று இங்கிலீஷில் கேட்டார்.

"காத்துக்கு சார்" என்றேன்.

வரிசையில் நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஹவில்தார் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் துரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலையில் போட்ட கையெழுத்தின் மேல் கோடு போட்டார்.

"உள்ளே ஒண்ணும் இல்லையே" என்று கெஞ்சினேன். "இன்னிக்கு இல்ல, நாளைக்கு இருக்கும்" என்றார் ஹவில்தார். "நாகரத்தினம் சார் நல்ல வேளையா சொன்னாரு. இல்லாட்டி நீ டிப்போவையே காலுக்குள்ள வெச்சிகினு போயிருப்பே."

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. நாகரத்தினம் சார் அங்கேதான், அந்தப் பேண்ட்டோடு, பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டி ஆட்டி வருத்தப்பட்டார். "படிச்ச பையன். குடும்பஸ்தன். இப்படிப் பண்ணலாமா?" என்றார்.

"அவருதும் இதே மாதிரிதான்! அவருதைத் திருப்பிப் பாருங்க!" என்று கத்தினேன்.

ஒருத்தரும் அசையவில்லை. ஹவில்தார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அருவருப்புதான் இருந்தது. "புடிச்சிக் குடுத்த மனுசன் மேலயே பழி போடறியா? அவரு அந்த மாதிரி வெச்சிருந்தா உன்னைக் காட்டிக் குடுப்பாரா?" என்று கேட்டார். எனக்கே நியாயமாகத்தான் பட்டது. நான் ஹவில்தாராக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

சாட்சிக்கு வேண்டும் என்று பேண்ட்டை வைத்துக்கொண்டார்கள். ஒரு சாக்குப் பையைக் கொடுத்தார்கள். (அதற்கும் கையெழுத்து வாங்கினார்கள். சர்க்கார் சொத்தாம்.) சட்டை மேலே, சாக்கு கீழே. வெளிச்சம் போகாத நேரம். பருத்திப்பட்டு வழியாக சைக்கிள் மிதித்தேன். களத்தில் நின்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு முன்னாலேயே சேதி வீட்டுக்குப் போய்விட்டது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. "காத்தால ஏர் பூட்டணும், படு" என்றார். திட்டியிருந்தால் நான் ஒருவேளை அழுதிருப்பேன். திட்டவே இல்லை. சாகிற வரைக்கும் என்னோடு அவர் அந்த விஷயம் பேசியதில்லை. என்னை நம்பினாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அமிர்தம்தான் கேட்டாள். "நெசமாவே நீ ஒண்ணும் எடுக்கலியா?"

"சத்தியமா இல்ல."

"திருடன்னு பேரு வாங்கிகினு சாக்கு கட்டிகினு வந்து நிக்கிறே. ஒரு கிழிஞ்ச துணிகூடவா கொண்ணாரல?" அவளுக்கு என் மேல் வந்த ஆத்திரம் திருடியதற்காக இல்லை.

மறுநாள் பூந்தமல்லிக்கு ஓடி ராஜமாணிக்கத்தின் சட்டையைப் பிடித்தேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கைய எடு நைனா. எல்லாமேவான்னு கேட்டனா இல்லியா? ஒரு நூல் மாறக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"அது எதுக்குன்னு சொல்லக் கூடாதா?"

"டிப்போ ஆளுக்கு டிப்போ சமாச்சாரம் நான் சொல்லணுமா?"

சட்டையை விட்டுவிட்டேன். அதன் பிறகு நான் பேண்ட்டு போடவில்லை. சேற்றில் இறங்கினேன். இறங்கியவன் ஏறவில்லை. நாகரத்தினம் சார் திருடனைப் பிடித்துக் கொடுத்ததற்குப் பெரிய ஸ்டோர் கீப்பர் ஆனார். சுதந்திரம் வந்த கையோடு அம்பத்தூரில் மாடி வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்களையெல்லாம் அழைத்தார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, ‘தங்கமான மனுஷன்’ என்று என்னிடமே சொன்னார்கள். அவர் செத்துப்போய்விட்டார். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது பேசினால் யார் கேட்டார்கள்?

எங்கள் வீட்டில் இது வேடிக்கைக் கதையாகிவிட்டது. சந்தைக்குப் போய் நான் வெறுங்கையோடு திரும்பினால், "பையில இன்னா நைனா?" என்று ஒருத்தன் கேட்பான், "காத்து" என்று இன்னொருத்தன் சொல்லுவான். பேரன்கள்கூடச் சொல்லுகிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு தடவை சொல்லுவார்கள்.

அமிர்தம் மட்டும் சிரிக்க மாட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, யாரும் இல்லாதபோது, "இப்பவாச்சும் சொல்லு மாமா. அதுக்கு முந்தியாச்சும் ஏதாச்சும் எடுத்தியா?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால் பெருமூச்சு விடுவாள். ஒரு தப்பும் பண்ணாமல் இப்படி மாட்டிக்கொண்ட மடையனோடா குடித்தனம் நடத்தினோம் என்பதுதான் அந்தப் பெருமூச்சு. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். கேட்டாள். பாவம், ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று, "எடுத்தேன்" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தாள். "இன்னா எடுத்தே?"

அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "வாசனை சோப்பு. அரை டஜன்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு போய்விட்டது.

"வாசனை சோப்பு எதுவும் நம்ம ஊட்டுக்கு வர்லியே" என்றாள். "யாருக்குக் குடுத்தே?"

காய்ச்சல் விட்டுவிட்டது. என்னோடு பேச்சையும் விட்டுவிட்டாள். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள், மருமகள்களுக்கும் தெரிந்திருக்கிறது. நான் திருடன் என்பதை அந்த நாளில் பாதி ஊராவது நம்பாமல் இருந்தது. அந்தச் சோப்புக்கு ஒருத்தி இருந்தாள் என்பதை என் வீட்டில் நம்பாதவர் ஒருத்தர்கூட இல்லை.