எண்ணெய்க் கொம்பனிக்கு நான் செத்த கதை

மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்பிவிட்ட மனிதனை அவன் மனைவியால்கூடத் தடுக்க முடியாது. சிலர் கூப்பன் வெட்டுவார்கள். சிலர் அறை அறையாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டு திரிவார்கள். நான் செத்துப்போனேன். வீட்டைச் சூடாக்கும் எண்ணெயில் லீற்றருக்குச் சில சதம் குறையும் என்பதற்காக.

இதற்கெல்லாம் தொடக்கம் ரொறன்ரோவில் இருக்கும் என் மனைவியின் தம்பி ராஜன். அந்த நாட்களில் (இரண்டாயிரங்களின் நடுப்பகுதி) அங்கே மின்சாரமும் காஸும் விற்கிறவர்கள் வீடு வீடாகக் கதவு தட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜன் சட்டை மாற்றுவதுபோலக் கொம்பனி மாற்றினான். மாற்றிய கையோடு எனக்குப் போன் எடுப்பான்.

"அத்தான், நீங்கள் இன்னும் அந்தப் பழைய கொம்பனியிலயோ இருக்கிறியள்?" என்பான், எனக்கு ஏதோ தீராத வருத்தம் இருப்பதுபோல இரக்கமான குரலில்.

நாங்கள் இருக்கும் மொன்றியலில் மின்சாரத்துக்கு ஒரே கடைதான். மாற வேறு இடமில்லை. ஆனால் நகரின் ஓரத்தில், இல்-பிசாரில் நாங்கள் வாங்கியிருந்த பழைய வீட்டின் பேஸ்மென்றில் எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஒன்று இருந்தது. எண்ணெய் விற்கப் பல கொம்பனிகள் இருந்தன. ஒரு பெப்ரவரியில் புதுக் கொம்பனி ஒன்றின் விளம்பரத் துண்டு தபால் பெட்டியில் விழுந்த அன்று, ராஜனுக்குப் பதில் சொல்லும் காலம் எனக்கு வந்துவிட்டது.

பழைய கொம்பனிக்குப் போன் எடுத்தேன். ஒப்பந்தம் அடுத்த வருடம்வரை இருக்கிறது, இடையில் முறித்தால் தண்டப்பணம் என்றாள் அங்கே இருந்த பெண். வீட்டை விற்றாலோ வாடிக்கையாளர் இறந்தாலோ மட்டும் தண்டம் இல்லையாம். நான் யோசித்தேன். வீட்டை விற்றதாகச் சொன்னால் பத்திரம் கேட்பார்கள். செத்தவனிடம் யார் என்னத்தைக் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் என் வேலையிடத்தில், இடைவேளை நேரம் நான் என் அண்ணனாக மாறினேன். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு அதே பெண்ணிடம், தம்பி மரியசூசை காலமாகிவிட்டார் என்றேன். எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. (என் பெயருக்குரிய புனிதர் சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர். அன்று அவர் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.) அந்தப் பெண் உண்மையாகவே வருந்தினாள். பிறகு, எப்படி நடந்தது என்று கேட்டாள்.

சாவதற்கு எல்லா ஆயத்தமும் செய்தவன் காரணத்தை ஆயத்தம் செய்யவில்லை. மாரடைப்புக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. என்னுடையது அரசாங்க வகுப்பில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தூங்கி வழிந்து படித்த பிரெஞ்சு. அதில் தடுமாறாமல் வரும் சொல் ஒன்றே ஒன்றுதான்.

"குளிர்," என்றேன்.

அவள் அதைத் திரும்பச் சொல்லிப் பதிந்துகொண்டாள். வீட்டைச் சூடாக்க எண்ணெய் தருகிறவர்களிடம் போய், உங்கள் வாடிக்கையாளர் குளிரில் செத்துப்போனார் என்று சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தண்டம் கிடையாது என்று அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ராஜனுக்குச் சொன்னேன். "அத்தான், நீங்கள் பெரிய ஆள்," என்றான். என் மனைவி ஜெசிந்தாவிடம் கொம்பனி மாற்றியதை மட்டும் சொன்னேன். எப்படி மாற்றினேன் என்று சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து மகள் மெலனிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து வீடு நிறையச் சனம். மெலனி வெள்ளைச் சட்டையும் தலையில் வெள்ளை வலை முக்காடுமாக நின்றாள். பெண்களில் பாதிப்பேர் வெள்ளைச் சேலை. பூசை வைத்த சுவாமியார் அங்கியோடு சோபாவில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ராஜன், கொம்பனி மாற்றுவது எப்படி என்று நாலுபேரைப் பிடித்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தான். நான் தற்செயலாக ஜன்னலால் பார்த்தேன். வாசலில் ஒரு கார் நின்றது. கறுப்புக் கோட்டும் கையில் பூங்கொத்துமாக இறங்கி வந்தவர் மிஷேல்.

மிஷேல் பழைய கொம்பனியின் லொறிச் சாரதி. வருடக்கணக்காக எங்களுக்கு எண்ணெய் நிரப்பியவர். பனிக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எனக்குக் கையசைப்பவர். அவரைப் பொறுத்தவரை நான் இப்போது இல்லை.

பேஸ்மென்றுக்கு ஓடினேன், கோட் சூட்டோடும் கையில் கடித்த கட்லற்றோடும். எண்ணெய்த் தாங்கிக்குப் பின்னால் குந்தினேன். எங்கள் ஃபேர்னஸின் சூட்டுக் காற்று தகரக் குழாய்களால் எல்லா அறைகளுக்கும் போகும். அதே குழாய்களால் எல்லா அறைகளின் பேச்சும் கீழே வரும். என் செத்தவீட்டை நான் அதில்தான் கேட்டேன்.

முதலில் மிஷேலின் குரல், பிரெஞ்சில். பிறகு மெலனி.

"அம்மா, இந்த அங்கிள் அப்பா செத்துப்போனார் எண்டு அழுறார்."

"ஆரடி செத்தது? இப்பதானே கட்லற் எடுத்துக்கொண்டு போனவர்," என்றாள் ஜெசிந்தா.

ராஜனுக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது. எனக்கு உதவுகிறேன் என்று நினைத்து, அத்தான் நல்ல மனிதர், கடைசிவரை சிக்கனமாக வாழ்ந்தார் என்று ஆங்கிலத்தில் மிஷேலுக்கு ஆறுதல் சொன்னான். வெள்ளைச் சேலைகள், அங்கி போட்ட குருவானவர், பந்தி. மிஷேலுக்குச் சந்தேகம் வர எங்கே இடம்? காசு வைத்த ஓர் உறையை எடுத்துச் சுவாமியாரின் கையில் வைத்து, மரியசூசையின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை வையுங்கள் என்றார். (சுவாமியார் பாதி ரோல்ஸை அப்படியே வாயில் வைத்திருந்தாராம். இது பிறகு சொல்லக் கேட்டது.)

அதுவரைக்கும் எனக்குப் பயமும் சிரிப்புமாகத்தான் இருந்தது. பிறகு மிஷேல் ஏதோ நீளமாகச் சொன்னார். மெலனி அதைத் தமிழில் சொன்னாள்.

"ஜனவரியில எண்ணெய் கொண்டு வரப் பிந்திப்போச்சாம். தன்னாலதான் அப்பா குளிரில செத்தவராம். இவருக்கு நித்திரையே வருதில்லையாம்."

ஜனவரியில் அவர் பிந்தியது உண்மை. பனிப்புயல். நாங்கள் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு சூப் குடித்ததோடு சரி. அதை இந்த மனிதர் இத்தனை நாளும் நெஞ்சில் சுமந்திருக்கிறார், நான் லீற்றருக்குச் சில சதம் மிச்சம் பிடிப்பதற்காக. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியொரு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

படியேறினேன். முழங்கால்வரை எண்ணெய்க் கறுப்பு, தலையில் சிலந்திவலை. கதவைத் திறந்தால் நேரே சனம் கூடியிருந்த விறாந்தை. மிஷேல் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டார். அவரைப் பார்த்து, ஏன் என்று தெரியாமலே, சனத்தில் பாதியும் சிலுவை போட்டது.

"மன்னிக்கவேணும்," என்றேன் என் பிரெஞ்சில். "நான் சாகேல்லை. ஒப்பந்தத்துக்காகச் சொன்னது."

மிச்சத்தை மெலனியைக்கொண்டு சொல்வித்தேன். புதுநன்மை வாங்கிய அன்றே பிள்ளை தகப்பனின் பொய்யை மொழிபெயர்த்தாள்.

மிஷேல் வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இறுகக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தபடியே தனக்குத் தெரிந்த வசவுகளை எல்லாம் என் காதுக்குள் வரிசையாகச் சொன்னார். (கியூபெக்கில் வசவெல்லாம் கோயில் சாமான்களின் பெயர்கள். சுவாமியாருக்கு ஒன்றுவிடாமல் விளங்கியது.) ஜெசிந்தா என்னைத் திரும்பியும் பாராமல், "இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்று அவருக்குச் சோற்றுக் கோப்பையை நீட்டினாள். கணவாய்க்கறியின் உறைப்பில் வியர்த்து வழியச் சாப்பிட்டுவிட்டு மிஷேல் சொன்னார்: "இனி நீ சாகும்வரை என்னட்டைத்தான் எண்ணெய் எடுக்கவேணும். அடுத்த முறை நான் உடம்பைப் பார்த்துத்தான் நம்புவன்."

பழைய கொம்பனிக்கே திரும்பினேன். புதுக் கொம்பனிக்குத் தண்டம் கட்டினேன். (அங்கேயும் செத்துப் பார்க்க ஜெசிந்தா விடவில்லை.) உறையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சுவாமியாரைக் கேட்டேன்.

"பூசைக்கு எண்டு வாங்கினால் வைச்சே ஆகவேணும்," என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்து மரித்த விசுவாசிகளின் பெயர்களோடு என் பெயரும் வாசிக்கப்பட்டது. நான் முன்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் மிஷேல். மன்றாடுவோமாக என்றதும் இருவரும் எழுந்து நின்று எனக்காக மன்றாடினோம்.

மிஷேல் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழும் நாளில் போன் எடுத்து, மரியசூசை உயிரோடுதான் இருக்கிறாரா என்று கேட்கிறார். போனை எடுப்பது ஜெசிந்தா. அவள் உடனே பதில் சொல்வதில்லை. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, அந்த வாரம் நான் நடந்துகொண்ட விதத்தை யோசித்துவிட்டுத்தான் சொல்கிறாள்.