கோட்டைக் கதவும் ஒத்தைத் தாயமும்

பாலவனத்தம்
20-7-1993

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை உதயகுமாருக்கு, உன் அக்காள் ராமலட்சுமியின் வீட்டுக்காரர் பூமிநாதன் எழுதிக்கொண்டது. இவ்விடம் மழை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியம். பெங்களூரில் நீ நல்லபடியாக இருக்க திருச்சுழி திருமேனிநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

சௌகரியம் என்று எழுதியது ஒரு மரியாதைக்குத்தான். ஒன்பது நாளாக உன் அக்காள் என்னோடு பேசவில்லை. காரணம், நீ ஆசையாக அனுப்பி வைத்த அந்த விளையாட்டுப் பெட்டி. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதை பேசி ஆட வேண்டும், ஒரு காரியம் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள கட்டையை உருட்டி, வேஷத்தின் திறமையையும் கூட்டி, நடத்துகிறவர் சொன்ன எண் வந்தால் ஜெயம், இதுதானே சட்டம்? உரக்கடையை அடைத்துவிட்டு வந்து அகராதியும் கையுமாக மூன்று வாரம் படித்தவன் நான், ஆகவே நான்தான் நடத்துகிறவர். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுச் சண்முகவேலும் அவர் சம்சாரம் சந்தனம்மாளும் வந்தாக. உன் அக்காவுக்கு வியாபாரி வேஷம். கோட்டைக் காவக்காரனைப் பேசிச் சரிக்கட்டி உள்ளே போகணும். காவக்காரனுக்குப் பதிலா நான் உக்காந்திருக்கேன்.

பேசினா பாரு, மாப்ள! "ஏன்ய்யா, ஒங்க ஆத்தா அங்க சீக்காக் கெடக்கா, நீ இங்க ஈட்டியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறியே, ராசாவா வந்து கஞ்சி ஊத்தப்போறாரு?"ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம். சண்முகவேல் துண்டால கண்ணைத் தொடைக்கிறாரு. எனக்கே கதவத் தெறந்துவிடலாம்னு தோணிப்போச்சு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல? "பன்னெண்டு வேணும், ஒன் வேஷத்துக்குப் பேச்சுத் திறமை ரெண்டு, கூட்டிக்கோ"ன்னேன். உருட்டினா. ஒண்ணு விழுந்துச்சு.

"தாயம்!"னு சந்தனம்மாள் கைதட்டி எந்திரிச்சிருச்சு. "எடுத்த எடுப்புலயே தாயம்! காய உள்ள எறக்கு அக்கா, இன்னொரு ஆட்டமும் ஒனக்குத்தான்!"னு ஒரே கூப்பாடு. நான் புத்தகத்த விரிச்சு, இந்த ஆட்டத்துல ஒண்ணுதான் படுதோல்வி, காவக்காரன் ஒன்னையப் பிடிச்சுப் பாதாளச் சிறையில போட்டுட்டான்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. "பேசுனதும் செல்லாது, தாயம் விழுந்ததும் செல்லாதா?"ன்னு எந்திரிச்சுப் போனவதான். அன்னையிலேர்ந்து "சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு சந்தனம்"னு எல்லாத்தையும் செவுத்துக்கு அந்தப் பக்கம் சொல்லி விடுறா, சந்தனம்மாள்தான் எனக்கு வந்து சொல்லணும். அந்தம்மா சமயத்துல மறந்துபோயிருது, நான் பட்டினி.

ஆனாலும் நான் அசையிறதா இல்லை. இன்னைக்குத் தாயம்பாக, நாளைக்கு அஞ்சு விழுந்தா மறு ஆட்டம்பாக. பிறகு ஆட்டமா அது? நடத்துகிறவர் சொல்வதே முடிவு என்று நீ உன் அக்காளுக்கு விவரமாக ஒரு கடிதம் எழுத வேண்டியது.

உனக்குச் சீக்கிரம் சம்பள உயர்வும் நல்ல இடத்தில் பெண்ணும் அமைய எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தன் சொல்லில் நிற்கும்,
சி. பூமிநாதன்

பி.கு.: தபாலில் சேர்க்கப் போகையில் உன் அக்கா வாசலை மறிச்சு, ஒம்பது நாள் கழிச்சு வாயத் தெறந்தா. "சமாதானம் வேணும்னா உருட்டுங்க"ன்னா. உருட்டினேன். இருபது, மாப்ள! உச்சம்! துள்ளிட்டேன். அவ எட்டிப் பாத்துட்டு, "இந்த வீட்டுல தாயம் விழுந்தாத்தான் காய் உள்ள எறங்கும்"னுட்டு உள்ள போயிட்டா. அதனால மேல எழுதின எதையும் அவளுக்கு எழுதிராத. ஒண்ணுதான் உச்சம், புத்தகத்துல அச்சுப்பிழைன்னு இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி உடனே போடு. இதுவரைக்கும் நாப்பத்தோரு தடவ உருட்டியாச்சு, அந்த ஒண்ணு மட்டும் விழ மாட்டேங்குது. நானும் விடுறதா இல்ல.